காலித் தோட்டாவும் என் தொண்டையும்

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே. வியாழக்கிழமை காலையில் எனக்குக் கொடுத்த வேலை இதுதான். ஓட்டப்பந்தயத்தை ஆரம்பித்து வைக்கிற துப்பாக்கியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்கணும், துடைக்கணும், ஒரு தடவை சுட்டுப் பார்க்கணும், திரும்ப வைக்கணும்.

டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இழுத்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டருக்கு உதவியாள். தற்காலிகம். ஓடுவேன், கபடி ஆடுவேன், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு நூல் பிடித்த மாதிரி போடுவேன். ஒன்று மட்டும் வராது.

சத்தம்.

அதற்குக் காரணம் எங்க தாத்தா. படுத்துக்கொண்டு கதை சொல்வார். கதைக்கு நான் 'உம்' கொட்டணும். கொட்டாவிட்டால் ராஜாவை அப்படியே குதிரை மேல் உட்கார வைத்துவிட்டு தாத்தா தூங்கிவிடுவார். சத்தமாகக் கொட்டினால் பக்கத்தில் படுத்திருக்கும் அப்பா எழுந்துவிடுவார். அப்பா எழுந்தால் எனக்கும் தாத்தாவுக்கும் சேர்த்துத் திட்டு. ஆக, தாத்தாவுக்குக் கேட்டு அப்பாவுக்குக் கேட்காத ஒரு 'உம்' கண்டுபிடித்து, அதிலேயே வளர்ந்த தொண்டை இது. இன்றைக்கும் அந்த அளவைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பஸ்ஸில் "எறங்கணும்"னு சொல்வேன். நான் இறங்கவேண்டிய ஊர் ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டுப் போகும்.

போன மாதம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு ஓட்டம் வைத்தேன். "ரெடி... செட்... கோ!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன். எட்டு பேரும் குனிந்தபடியே நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் தலையைத் தூக்கி, "சார், எப்ப சார் ஆரம்பிக்கப் போறீங்க? முட்டி வலிக்குது" என்றான்.

இதை மாடியிலிருந்து ஹெச்.எம். பார்த்துவிட்டார்.

கூப்பிட்டு விட்டார். "ஏழுமல, நீ நல்ல பையன். ஆனா நீ ரூம்ல இருக்கியா இல்லியானே தெரியலடா. ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு ஓட்டம் எல்லாத்தையும் நீதான் ஆரம்பிச்சு வைக்கற. ஒழுங்கா நடந்துச்சுன்னா வருஷக் கடைசி வரைக்கும் உன்னை வெச்சுக்கறேன். இல்லேன்னா கீழ்பென்னாத்தூர்ல கஜேந்திரன்னு ஒருத்தன் இருக்கான். அவன் வயல்ல நின்னு மாட்டைக் கூப்ட்டா ரோட்டுல போற பஸ்ஸு நிக்குது."

கோதண்டம் மாஸ்டர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். அவர்தான் பி.டி. மாஸ்டர். "பயப்படாதடா. நம்மகிட்ட துப்பாக்கி இருக்கு. உனக்குப் பதிலா அது பேசும்."

அது பேசியது. ஒரே ஒரு வார்த்தை.

பதறாதீங்க, நிஜத் துப்பாக்கி இல்லை. சிங்கப்பூரில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக் கொடுத்தது. குழாயின் முன்பக்கம் அடைத்திருக்கும். தோட்டாவில் குண்டு கிடையாது, மருந்து மட்டும். ஆனால் வேலை செய்கிற விதம் நிஜத் துப்பாக்கி மாதிரியேதான். விசையை அழுத்தினால் டமார். உடனே மேல்மூடி தானாகப் பின்னால் போகும். போகும்போது ஒரு சின்னக் கொக்கி காலித் தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுத்து, பக்கவாட்டில் ஜன்னல் மாதிரி இருக்கிற ஓட்டை வழியாக வெளியே வீசும். மூடி திரும்ப வரும்போது அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும்.

பெட்டியைத் திறந்தேன். போன வாரம் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு எல்லாவற்றின் மேலும் அப்படியே இருந்தது. இரும்புக் குண்டு, அளக்கிற டேப், விசில், ஸ்டாப் வாட்ச், எல்லாம் நலங்குக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தன. துப்பாக்கி மேல் இருந்ததை ஈரத்துணியால் பயபக்தியோடு துடைத்தேன். மைதானத்துக்குப் போய், கையைத் தூக்கி, கண்ணை மூடி, அழுத்தினேன்.

டமார்!

ஆகா! வேப்பமரத்துக் குரங்குகள் எல்லாம் காம்பவுண்டு தாண்டி ஓடின. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்!

இன்னொரு தடவை அழுத்தினேன்.

டிக்.

எட்டிப் பார்த்தால், சுட்ட தோட்டா வெளியே வரவே இல்லை. வாடகை கொடுக்காமல் காலி பண்ண மாட்டேன் என்கிற குடித்தனக்காரன் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் வந்த புதுத் தோட்டா அதன் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேல்மூடி பாதியில் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது.

கூடவே ஒரு வாசனை. வெடிமருந்து நெடியோடு இன்னொன்று. நல்ல வாசனை. எங்கேயோ முகர்ந்த வாசனை.

கோதண்டம் மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். "சிங்கப்பூர் மருந்துடா. அவன் ஊர்ல குப்பைகூட மணக்குமாம்."

ஒரு ஊக்கை நிமிர்த்தி, நோண்டி, காலித் தோட்டாவை எடுத்தோம். மறுபடி சுட்டேன். டமார். மறுபடி உள்ளேயே. மறுபடி மணம்.

"ஒரு ஓட்டத்துக்கு ஒரு டமார் போதும்ல மாஸ்டர்? நடு நடுவுல நோண்டிக்கறேன்" என்றேன்.

"என்னாது?"

பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"போதாதுடா. எவனாவது முந்தி ஓடிட்டான்னு வெய்யி. ரெண்டாவது வெடி போட்டுத்தான் எல்லாரையும் திருப்பிக் கூப்பிடணும். அந்த வெடி இல்லேன்னா வாயாலதான் கூப்பிடணும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கூப்ட்டா அவனுங்க அந்தாண்ட கேட்டு வழியா செங்கம் வரைக்கும் போய்டுவானுங்க."

அதுதான் விஷயம். தோட்டா வெளியே வந்தால் எனக்கு வேலை. வராவிட்டால் கஜேந்திரனுக்கு.

துப்பாக்கியை மஞ்சப் பையில் போட்டு, ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட கடுதாசியோடு பாய் கடைக்கு நடந்தேன். தையல் மெஷின், பூட்டு, பம்பு ஸ்டவ் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். தேரடி வீதிக்குப் பின்னால் சின்னக் கடை. அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலம் போக வந்த கூட்டம் தெரு முழுக்க.

"என்னா தம்பி ரிப்பேரு?"

"துப்பாக்கி பாய்" என்றேன் என் குரலில்.

"ஆங்?"

அவர் காதுக்கிட்டே போய் மறுபடி சொன்னேன்.

"துப்பாக்கியா?!" என்று பாய் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். பக்கத்து டீக்கடையில் பௌர்ணமி டூட்டிக்கு வந்த ஏட்டு ஒருவர் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். கடித்த பன்னோடு வந்தார்.

"பையைத் தெற."

திறந்தேன். கடுதாசியை நீட்டினேன். படித்தார். துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். அடைத்த குழாயைப் பார்த்ததும் முகம் தளர்ந்தது.

"அட, ஓட்டப்பந்தயத் துப்பாக்கியா? இதுக்கு இன்னா?"

"காலித் தோட்டா வெளிய வர மாட்டேங்குது ஏட்டய்யா."

"வாயத் தெறந்து பேசு."

"காலித் தோட்டா..."

பாய்தான் மொழிபெயர்த்தார். "சுட்டது வெளிய வரலியாம் சார். எண்ணெ கம்மியா இருக்கும். விடு தம்பி, நான் பாத்துக்கறேன்." தையல் மெஷின் எண்ணெயை எடுத்துத் துப்பாக்கி ஜன்னலுக்குள் தாராளமாக விட்டார். தலைக்கு வைக்கிற மாதிரி.

"எண்ணெயும் இல்ல, வெண்ணெயும் இல்ல" என்றார் ஏட்டு. "எல்லாம் மணிக்கட்டு. துப்பாக்கி பின்னாடி ஒதைக்கும். நீ கையைக் கொழகொழன்னு வெச்சிருந்தா அதுவும் கூடவே போகும். மூடி முழுசா பின்னாடி போகாது. தோட்டா எப்படி வெளிய வரும்? சுடு, பாப்போம்... ஐயோ வேணாம் வேணாம், இங்க சுடாத! கூட்டம்! பாய், அந்தச் சொம்பைக் குடு."

பாய் கடைப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் ரொப்பி என் கையில் கொடுத்தார் ஏட்டு.

"கையை நேரா நீட்டு. மணிக்கட்டை உள்ளாற முறுக்கு. வெறைப்பா! சொம்பு ஆடக் கூடாது. நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வர்ற வரைக்கும் நில்லு."

போய்விட்டார்.

நான் நின்றேன். வெயில் படாமல் இருக்க மலைப் பக்கம் திரும்பி நின்றேன். அதுதான் தப்பு.

நம்ம ஊரில் பௌர்ணமி அன்றைக்கு ஒருவன் மலையைப் பார்த்து, கையை நீட்டி, சொம்போடு அசையாமல் நின்றால் என்ன அர்த்தம்? முதலில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். அப்புறம் ஒரு குடும்பம் நின்றது.

"சாமி எவ்ளோ நேரமா நிக்குது?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"நான் சாமி இல்லீங்கம்மா. பி.டி. மாஸ்டர் அசிஸ்டெண்ட்டு" என்றேன்.

உதடு அசைந்தது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. "ஏதோ மந்திரம் சொல்லுது பாருங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

"மௌன சாமிடி. சத்தம் வராது" என்றார் புருஷன்.

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ சொம்பு மேல் ஒரு வாழைப்பழத்தை வைத்தார்கள். இன்னொருவர் மாலையே போட்டுவிட்டார்! பாய் கடைக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, துப்பாக்கிய எடுத்துக்காட்டிடாத. அதுக்கும் ஒரு கோயில் கட்டிடுவாங்க!"

ஏட்டு வந்து கூட்டத்தை விலக்கிப் பார்த்தார். மாலையோடு நான்.

"ம்... வெறைப்பு வந்துடுச்சு. போ" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. ஹெச்.எம். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் இருக்கு. மணிக்கட்டு இருக்கு. கையைத் தூக்கி, உள்ளே முறுக்கி, விறைத்து, அழுத்தினேன்.

டமார்!

ஒரு பையன் முந்தியே ஓடிவிட்டான். நல்லது, ரெண்டாவது வெடி!

டிக்.

எண்ணெய் விட்டதில் மணம் மட்டும் நேற்றைவிட ஜாஸ்தி.

"நில்லுங்கடா!" என்று கத்தினேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பையன்கள் கோட்டைத் தொட்டார்கள், தாண்டினார்கள், கேட்டைத் தாண்டினார்கள், எதிரில் ஐஸ் வண்டியைப் பார்த்ததும்தான் நின்றார்கள்.

ஹெச்.எம். எழுந்தார். "கோதண்டம், கீழ்பென்னாத்தூருக்கு ஆள் அனுப்புங்க."

"சார், ஒரு நிமிஷம்! மாத்து ஏற்பாடு இருக்கு." மாஸ்டர் பாக்கெட்டிலிருந்து ஒரு வெடியை எடுத்தார். தீபாவளிக்கு வாங்கி வைத்த பச்சை நூல் சுற்றிய அணுகுண்டு! "துப்பாக்கி எதுக்கு சார்? இதைக் கொளுத்துவோம்."

பையன்களைக் கோட்டில் நிறுத்தினோம். மாஸ்டர் திரியைப் பற்றவைத்துவிட்டு, "செட்!" என்றார். பையன்கள் இடுப்பைத் தூக்கினார்கள்.

திரி புகைந்தது. புகைந்துகொண்டே இருந்தது.

பையன்கள் கால் நடுங்க ஆரம்பித்தது. ஒருவன் பக்கத்தில் இருந்தவன் மேல் சாய்ந்தான். ஒருவன் கையால் காதைப் பொத்தியதில் மூக்கு தரையில் இடித்தது.

"அணைஞ்சுடுச்சா?" என்று மாஸ்டர் கிட்டே போனார்.

ட்டொம்!!

மாஸ்டர் ஓடினார் பாருங்க! நூறு மீட்டரில் பையன்கள் எல்லாரையும் முந்தி முதலாவதாகக் கோட்டைத் தொட்டது அவர்தான். பையன்கள் பாதிப் பேர் எதிர்த்திசையில் ஓடிப்போய்க் கிளாஸில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஹெச்.எம். நாற்காலியைத் தானே மடக்கி எடுத்துக்கொண்டு போனார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் எங்க தமிழய்யா பெண்ணுக்கு ரிசப்ஷன். மனசு சரியில்லை, ஆனாலும் போகாவிட்டால் நன்றாக இருக்காது. மாஸ்டரும் நானும் போனோம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். ஒரு சின்னப் பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். விரலில் தொட்டேன். பழக்கத்தில் முகர்ந்தேன்.

அப்படியே நின்றேன்.

"மாஸ்டர்! இதுல துப்பாக்கி வாசனை வருது!"

"மொள்ளமா பேசுடா" என்றார் மாஸ்டர், ஏதோ நான் சத்தமாகப் பேசக்கூடியவன் மாதிரி. அவரும் தொட்டு முகர்ந்தார். கண் விரிந்தது. "ஆமாண்டா!"

அப்போது பின்னாலிருந்து ஹெச்.எம். வந்தார். கட்டைவிரலைக் கிண்ணத்துக்குள் முழுசாக விட்டு ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்தார். அவர் எப்பவும் அப்படித்தான், பக்தி ஜாஸ்தி. பக்கத்தில் நின்ற பேரன் நெற்றியில் வைத்து, அழுத்தி, ஒரு முறுக்கு முறுக்கினார்.

அந்த முறுக்கு!

எனக்கு ஆயுத பூஜை அப்படியே கண் முன்னால் வந்தது. விளையாட்டு ரூமில் எல்லாச் சாமானுக்கும் ஹெச்.எம்.தான் தன் கையால் பொட்டு வைத்தார். துப்பாக்கியை நான் நீட்டிப் பிடித்திருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்கு நெத்தி எதுப்பா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. துப்பாக்கியின் பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதோ!" அங்கே ஒரு நெல்லிக்காய் சந்தனம். அழுத்தி, முறுக்கி, மேலே குங்குமம் வைத்து, ஒரு பூவையும் செருகிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அந்தச் சந்தனம் ஒரு வாரம் காய்ந்து, கொக்கி அசைய முடியாதபடி சிமெண்ட் பூசின மாதிரி ஆகியிருக்கிறது! நான் துடைத்தது மேலாக. உள்ளே போனது உள்ளேயே. பாய் எண்ணெய் விட்டாரே, அது காய்ந்த சந்தனத்தை மறுபடி குழைத்துவிட்டது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் சூட்டில் மணத்திருக்கிறது. பாவம், சிங்கப்பூர் மருந்தைப் போய்ச் சொன்னோம்.

பந்தியில் மாஸ்டரைப் பக்கத்து இலையில் உட்கார வைத்து, காதில் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பாயசம் புரையேறியது.

"ஹெச்.எம்.கிட்ட சொல்லிடவா மாஸ்டர்? என் மேல தப்பில்லனு தெரியணும்ல?"

"சொல்லு. 'சார், நீங்க வெச்ச சாமிப் பொட்டாலதான் துப்பாக்கி கெட்டுது'ன்னு சொல்லு. உனக்குத் தற்காலிக வேலை போவும். எனக்கு நிரந்தர வேலை போவும். மூடிக்கிட்டு அப்பளத்தைச் சாப்புடு."

சனிக்கிழமை காலையில் சீக்கிரமே போய், மண்ணெண்ணெயும் பழைய பல்விளக்குகிற பிரஷும் ஊக்குமாக உட்கார்ந்தோம். சுரண்டச் சுரண்ட வந்தது. ஒரு அம்மன் சிலைக்கே காப்பு போடலாம், அவ்வளவு! கொக்கிக்கு அடியிலிருந்து காய்ந்த மல்லிகை இதழ் ஒன்று வெளியே வந்தபோது மாஸ்டர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொக்கியை ஊக்கால் தள்ளிப் பார்த்தேன். டக்கென்று திரும்பி வந்தது. பாம்பு கொத்துகிற மாதிரி.

சுட்டுப் பார்க்கலாம் என்றால் மிச்சத் தோட்டா ஓட்டங்களுக்கு மட்டும்தான் இருந்தது. "சாமி மேல பாரத்தைப் போடு" என்றார் மாஸ்டர்.

"இதுவரைக்கும் அப்படித்தான மாஸ்டர் ஆச்சு" என்றேன்.

பந்தல், மைக், தலைமை விருந்தினர், மாலை எல்லாம் வந்தது. கஜேந்திரனும் வந்திருந்தான். வேப்பமரத்தடியில் கழுத்தில் துண்டு சுற்றி, பிளாஸ்கில் மிளகுப் பால் வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தான். அவன் கனைப்பே எனக்கு மைக்கில் வந்தது மாதிரி கேட்டது. ஹெச்.எம். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஒரே ஒரு வாய்ப்பு என்று அர்த்தம்.

பெரிய பையன்கள் நூறு மீட்டர். நான் ஸ்டூல் மேல் ஏறினேன். மாஸ்டர் அந்தக் கோடியில் ஸ்டாப் வாட்சோடு.

"ரெடி" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் என் கையைப் பார்த்துக் குனிந்தார்கள். "செட்." இடுப்பு தூக்கினார்கள். ஏட்டய்யாவை மனசில் நினைத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி, மணிக்கட்டை உள்ளே முறுக்கி, விறைத்து, அழுத்தினேன்.

டமார்!

காலித் தோட்டா வெளியே வந்தது!

வந்ததே! ஜன்னல் வழியாகத் துள்ளி, வெயிலில் தங்கக் காசு மாதிரி மின்னி, சுழன்றுகொண்டே மேலே போனது. எனக்கு ஆனந்தக் கண்ணீர். அது போன வழியையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போனது கீழே வரணும் இல்லையா? வந்தது. நான் மணிக்கட்டை உள்பக்கம் முறுக்கியிருந்த புண்ணியத்தில் நேராக என் சட்டைக் காலருக்குள், முதுகில் இறங்கியது.

சுடச் சுட.

"ஐயோஓஓ அம்மாஆஆஆ!!!"

எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம்? சத்தியமாக எனக்குத் தெரியாது. சின்ன வயசிலிருந்து அமுக்கி வைத்த 'உம்' எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பியது. மைக் கீச்சிட்டது. பந்தலில் தலைமை விருந்தினர் கையிலிருந்த சோடா தெறித்தது. வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்தது.

கொஞ்ச தூரம் ஓடிவிட்ட பையன்கள் அத்தனை பேரும் ஆணி அடித்த மாதிரி நின்றார்கள்.

நான் ஸ்டூல் மேல் நெளிந்துகொண்டிருந்தேன். சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்ததால் தோட்டா வெளியே வர வழியில்லை. மறுபடியும் வெளியே வர மாட்டேன் என்கிறது! சட்டையைப் பிய்த்து உருவி ஒரு உதறு உதறினேன். விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் எதிரில் ஹெச்.எம்.

முடிந்தது என்று நினைத்தேன்.

"பிரமாதம்டா ஏழுமல!" என்று முதுகில் தட்டினார். சரியாகச் சுட்டுக்கொண்ட இடத்தில். "மூணாவது கோட்டுல நின்ன பையன் முந்தி ஓடினான். நான்கூட கவனிக்கல. நீ பாத்துட்டு, ரெண்டாவது தோட்டாவை வீணாக்காம, வாயாலயே திருப்பிக் கூப்ட்ட பாரு! என்னா கண்ணு! என்னா கொரலு!"

மூணாவது கோட்டுப் பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சாரி சார், முந்திட்டேன்" என்றான்.

நான் எவனையும் பார்க்கவில்லை. எனக்கு நட்சத்திரம்தான் தெரிந்தது.

கஜேந்திரன் பிளாஸ்கோடு வந்தான். "அண்ணே, எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றான் மரியாதையாக. மிளகுப் பாலை எனக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

மிச்ச ஓட்டமெல்லாம் நன்றாக நடந்தது. ஒவ்வொரு தடவையும் தோட்டா ஜோராக வெளியே வந்து விழுந்தது. நான் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு சுட்டேன். வருஷக் கடைசி வரைக்கும் வேலை என்று ஹெச்.எம். மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

பரிசளிப்பு முடிந்தது. துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனேன்.

"இரு இரு!" ஹெச்.எம். வேகமாக வந்தார். தலைமை விருந்தினரை வரவேற்க வைத்திருந்த சந்தனக் கிண்ணம் அவர் கையில். "இன்னிக்கு நம்ம மானத்தைக் காப்பாத்தினதே இதுதான். அன்னிக்கு மனசார வெச்ச பொட்டு, வீண் போகல பாத்தியா? கொண்டா இங்க."

கட்டைவிரல் கிண்ணத்துக்குள் இறங்கியது. நெல்லிக்காய் அளவு. துப்பாக்கி ஜன்னலை நோக்கி வந்தது. கோதண்டம் மாஸ்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"வேணாஆஆஆம் சார்!!!"

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் ஃபைல் பறந்திருக்கும். மைதானமே திரும்பிப் பார்த்தது. ஹெச்.எம். கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

எடுத்த சந்தனத்தை என்ன செய்வார், பாவம்! என் தலையைப் பிடித்து அசையாமல் நிறுத்தினார். அப்பினார். அழுத்தினார். ஒரு முறுக்கு முறுக்கினார்.

துப்பாக்கிக்கு நெற்றி கிடையாது. எனக்கு இருக்கிறது.